போட்டுப் பார்க்காத துப்பாக்கி

பம்புத் தொழிற்சாலையில் அவருக்கு ரிஜெக்ட் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதை யாரும் வாசிப்பதில்லை. வெளியிலிருந்து வந்து இறங்கும் உதிரிபாகங்களைச் சோதிக்கிற அறையில், ஜன்னலுக்கு எதிரே, தகரம் அடித்த மேஜைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட், ஒரு பிரஷ், எண்ணெய்த் துணியில் சுற்றிய கேஜுகள். கேஜ் என்பது இரண்டு முனையுள்ள இரும்புக் குச்சி. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் சிவப்பு, போகக் கூடாதது போய்விட்டாலும் சிவப்பு. இதற்கு மேல் அந்த வேலையில் ஞானம் ஏதும் கிடையாது. ஆனால் அவர் அதை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்து முடித்திருந்தார்.

சரக்கு கொண்டுவருகிறவர்கள் அளவுச் சான்றிதழோடு வருவார்கள். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். அவர் அதை வாங்கி டீ தம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

"பேப்பர் நல்லாத்தான் பேசும். இரும்பு என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்பார்.

இரும்பு என்ன சொன்னாலும் அவருக்குச் சந்தோஷம்தான். தப்பாகச் சொன்னால் கூடுதல் சந்தோஷம். சிவப்பு பூசும்போது அவர் உதடு லேசாகக் குவியும், குழந்தைக்குப் பொட்டு வைக்கிற தாய் மாதிரி.

தொழிற்சாலைக்கு வெளியே பெயிண்ட் டப்பா கிடையாது. அதற்காகத் தீர்ப்பு நிற்குமா? மனைவியின் தம்பி தச்சர். தன் கையால் செய்த முக்காலி ஒன்றை அக்கா வீட்டுக்கு ஆசையாகக் கொண்டுவந்தார். ரிஜெக்ட் அதைத் தரையில் வைத்து ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "மாப்ளே, மூணு கால் முக்காலி ஆடாதுன்னு சொல்லுவாங்க. அதையும் ஆட வெச்சிருக்கே. இது பெரிய வித்தைடா" என்றார். ஆடியது பெயர்ந்த தரைக்கல். மச்சினன் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் நின்றுகொண்டேதான் காபி குடிப்பார்.

மனைவிக்குத் துணிக் கடைத் தெருவின் கோடியில் ஒரு கடை. அகலம் எட்டடி. ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு நீளக் கண்ணாடி, சுவரில் ஆணியில் தொங்கும் அளவு நோட்டு. அவள் புதிதாக எதையும் தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும். இடுப்பு பிடிப்பது, கால் குறைப்பது, கை நீட்டுவது. பக்கத்துக் கடை தம்பியின் மரப்பட்டறை. நடுச்சுவர் பலகைதான் என்பதால் இவள் மெஷின் சத்தம் அங்கேயும், அவர் ரம்பச் சத்தம் இங்கேயும் கேட்கும்.

வேலை முடிந்து வந்து, ரிஜெக்ட் அந்தக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார். வருகிறவர்கள் கையில் பொட்டலம் இருக்கும். போனில் படம் பார்த்து வாங்கிய பேண்ட், சட்டை, கோட்டு. ஒன்றும் ஒருவருக்கும் பொருந்தியிருக்காது. அவர்கள் போன பிறகு இவர் ஆரம்பிப்பார்.

"பாத்தியா? படத்தப் பாத்து வாங்கிட வேண்டியது. பொட்டலம் வீட்டுக்கு வந்த பெறகுதான் தனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வருது. மாடு வாங்குறவன்கூட பல்லப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குறான்."

"சும்மா இருங்க. அவங்கல்லாம் போட்டுப் பாத்து வாங்கிட்டா நான் ஈ ஓட்டணும்" என்பாள் மனைவி, ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஏர்கன் கிளப்புக்குப் போவார். டயர் கிடங்கின் மாடி அது. படியேறும்போதே ரப்பர் நெடி மூக்கைப் பிடிக்கும். நீண்ட ஹால், ஆறு தடம், பத்து மீட்டர் தள்ளி ஆறு விளக்கு, ஒவ்வொரு விளக்கின் கீழும் உள்ளங்கை அளவு அட்டை. அட்டையில் வட்டத்துக்குள் வட்டம். நாற்பது குண்டு சுட வேண்டும். எல்லாம் நடுவில் விழுந்தால் நானூறு. யாருக்கும் விழுந்ததில்லை.

அங்கே சுவரில் எழுதாத ஒரு விதி இருந்தது. அடுத்தவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது. பல் துலக்குகிற பிரஷ்ஷைக் கடன் கேட்டாலும் கேட்கலாம், 'அதக் கொஞ்சம் குடுங்க, தோள்ல வெச்சுப் பாக்கறேன்' என்று கேட்கக் கூடாது. கேட்டவனை ஒரு மாதம் பேச்சில் சேர்க்க மாட்டார்கள். எப்போதோ எவனோ யாருடையதையோ கீழே போட்டதால் வந்த விதி என்று செயலாளர் சொல்வார். அதெல்லாம் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் விலை கொடுத்து, கப்பலில் வரவழைத்து, பெட்டியைப் பிரித்த பிறகு தோளில் உட்காராத சாமான் என்று தெரிந்தால் அதை எவன் வெளியே சொல்வான்? இன்னொருவன் எடுத்துப் பார்த்தால் சொல்லிவிடுவான். ஆகவே தொடக் கூடாது. எல்லாரும் அவரவர் துப்பாக்கியை மெச்சினார்கள். மெச்சியதைக் கேட்டு அடுத்தவன் வாங்கினான். வாங்கி அவனும் மெச்சினான். கசாயம் குடித்தவன் முகம் சுளிக்காமல் பக்கத்து இலைக்கும் ஊற்றச் சொல்வது போல.

அந்த ஹாலில் தன் மூளையை அடகு வைக்காத ஒரே ஆள் தான்தான் என்று ரிஜெக்ட் நம்பினார். அவரிடம் இருந்தது பழைய ஸ்பிரிங் துப்பாக்கி. குழாயை மடித்து, முழங்காலில் ஊன்றி இழுத்தால்தான் அடுத்த குண்டு. சுடும்போது கழுதை மாதிரி உதைக்கும். அதை வைத்துக்கொண்டு பதினொரு வருஷமாக அவர் கிளப்பில் நாலாவது ஆள். மூன்றாவதாகவும் ஆனதில்லை, ஐந்தாவதாகவும் ஆனதில்லை. கிளப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை நாலு பேரை வேனில் ஏற்றி அடுத்த ஊர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். பின் வரிசை ஜன்னல் இருக்கை அவருடையது. அவர் எல்லாரையும் சோதிக்கிறவர்; அவரை ஒருவர் சோதித்து, சரி என்று சொல்லி, ஏற்றிக்கொண்டு போகிற நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். அந்த ஜன்னல் இருக்கைக்காகத்தான் அவர் மற்ற ஐம்பத்தோரு வாரமும் மூச்சு விட்டார் என்றால் மிகையில்லை. அவரிடம் கேட்டால் "வேன்ல போனா இடுப்பு வலிதான் மிச்சம்" என்பார்.

போன வருஷம் ஐந்தாவதாக வந்தவர் பல் டாக்டர். இரண்டே புள்ளி வித்தியாசம்.

டாக்டர் ஆறடிக்கு மேல். இரண்டு வருஷம் முன்பு விலை உயர்ந்த துப்பாக்கி ஒன்றை வரவழைத்திருந்தார். அழுத்திய காற்றில் சுடுவது. உதைக்காது, சத்தம் வராது. அதைத் தோளில் வைத்ததும் டாக்டர் கழுத்தை மடித்து, முதுகைக் கூனி, குளத்தங்கரைக் கொக்கு மாதிரி நிற்பார். மூக்கு கட்டை விரலில் இடிக்கும்.

"நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள குனிஞ்சா நிமிர்ந்து நிக்க வருமா?" என்றார் ரிஜெக்ட், ஹாலுக்கே கேட்கிற மாதிரி. "அது துப்பாக்கி இல்ல டாக்டர். விலச் சீட்டு ஒட்டின விறகு."

டாக்டர் சிரித்தார். பல் டாக்டர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த இரண்டு புள்ளி ரிஜெக்டின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது, தனக்கும் வயசாகிவிட்டது. இதில் மாற்ற முடிந்தது ஒன்றுதான். புதுத் துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தார்.

மூன்று மாதம் படித்தார். போனில் வீடியோ பார்த்தார். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு ஆள் புல்வெளியில் நின்று அந்தத் துப்பாக்கியைத் தடவித் தடவிப் பேசினான். எல்லாரும் ஏணி ஏணியாக இருந்தார்கள். ரிஜெக்ட் ஐந்தடி மூன்று அங்குலம். கழுத்து என்று தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் துப்பாக்கியைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

தோளில் பதிகிற கட்டையைத் திருகாணி வைத்து நீட்டவும் குறைக்கவும் தோதுள்ள துப்பாக்கிகள் இருந்தன. அவற்றை முதல் வாரமே கழித்துக்கட்டினார். "ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி எங்க பாத்தாலும் திருகாணி. தன் அளவு தெரியாதவனுக்குச் செஞ்சது" என்று மனைவியிடம் சொன்னார். அவர் தேர்ந்தெடுத்தது ஒரே துண்டு வால்நட் மரத்தில் கடைந்த கட்டை. ஒரு திருகாணிகூடத் தெரியாது. மரத்தின் ரேகை நெருப்பு மாதிரி ஓடியது. விசையிலிருந்து தோள் வரைக்கும் உள்ள நீளம் விவரச் சீட்டில் மில்லிமீட்டரில் போட்டிருந்தது. படித்தார். நல்ல எண்ணாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எந்தச் சான்றிதழையும் நம்பாத மனிதர் அந்த ஒரு காகிதத்தை டீ தம்ளருக்கு அடியில் வைக்காமல், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விற்பனையாளரின் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் ஆறு துப்பாக்கி நின்றன. அவர் கேட்டது அதில் இல்லை.

"இந்த வகைதானே, இத ஒரு தடவ தோள்ல வெச்சுப் பாக்கலாமா?" என்று பக்கத்தில் இருந்ததைக் காட்டினார்.

"சார், அது டிஸ்ப்ளே. கைரேகை பட்டா அப்புறம் யாரு வாங்குவா?"

"அப்ப நான் கேக்குறது?"

"பணம் கட்டுனா கப்பல்ல வரும். நாலு மாசம்."

"வந்து எனக்கு ஒத்துவரலைன்னா?"

விற்பனையாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒத்துவராம இருக்குமா சார்? உலகம் பூரா இதத்தான் சுடறான். பெட்டியப் பிரிச்சா மட்டும் திரும்ப எடுத்துக்க மாட்டோம். பிரிக்கலைன்னா எடுத்துப்போம்."

"பிரிக்காம ஒத்துவருதான்னு எப்படிய்யா பாக்கறது?"

"அதான் வீடியோ இருக்கே சார்."

தன் மேஜைக்கு எதிரே நின்று இப்படி ஒருவன் பேசியிருந்தால் பெயிண்ட் பிரஷ்ஷை அவன் நெற்றியிலேயே வைத்திருப்பார். இங்கே தலையாட்டிவிட்டுப் பணம் கட்டினார். ஆசை வந்தவனுக்கு அலமாரிக் கண்ணாடியில் தன் முகம் தெரிவதில்லை.

காத்திருந்த நாலு மாதத்தில் செய்யக்கூடாத ஒன்றையும் செய்தார். பழைய ஸ்பிரிங் துப்பாக்கியைக் கிளப்புக்கே கொடுத்துவிட்டார். ஒரு சிறு பேச்சும் பேசினார். "புதுசாப் பழக வர்றவங்களுக்கு இருக்கட்டும். இனி எனக்கு இது தேவப்படாது." செயலாளர் அதை வாங்கி, ஆறாவது தடத்துக்குப் பக்கத்தில், பழகுகிறவர்களின் ஆணியில் மாட்டினார்.

பெட்டி வந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். கட்டில்மேல் வைத்துப் பிரித்தார். நுரைப் பஞ்சுக்கு நடுவில் அது படுத்திருந்த அழகைப் பார்த்து ஐந்து நிமிஷம் தொடவேயில்லை. பிறகு எடுத்து, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தோளில் வைத்தார்.

தோளில் உட்காரவில்லை. வழுக்கிக்கொண்டு போய்க் கைப் புஜத்தில் நின்றது. விசையை எட்டுவதற்கு விரலை நீட்ட வேண்டியிருந்தது. விரலை நீட்டினால் கன்னம் மரத்தை விட்டு விலகியது. கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தால் கழுத்து, கதவு இடுக்கில் மாட்டிய ஆமை மாதிரி முன்னால் நீண்டது. முன்பாரம் இடது கையைக் கீழே இழுத்தது. கண்ணாடியில் தெரிந்த ஆள், ஏதோ ஒரு உயரமான மனிதனின் துப்பாக்கியைக் காவலுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி இருந்தான்.

"பழகணும்" என்றார் கண்ணாடியிடம்.

பழகினார். முதல் ஞாயிறு முந்நூற்று நாற்பத்தெட்டு. பழைய துப்பாக்கியில் அவர் முந்நூற்று அறுபதுக்குக் கீழே போனதில்லை. குண்டு சரியில்லை என்றார். வேறு டப்பா வாங்கினார். முந்நூற்று நாற்பத்தொன்பது. அந்த டப்பாவும் சரியில்லை. ஒவ்வொரு குண்டையும் நகத்தால் உருட்டிப் பார்த்து, பாதியைக் கழித்தார். கழித்தது போக மிச்சம் நல்ல குண்டுகள் முந்நூற்று நாற்பத்தேழு கொடுத்தன. காற்றின் அழுத்தம் என்றார். விளக்கு என்றார். கீழே கிடங்கில் டயர் உருட்டுவதால் தரை அதிர்கிறது என்றார். துப்பாக்கியை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "வெண்ணெய்" என்றார். "தோள்ல இருக்கிறதே தெரியல." அது உண்மைதான். தோளில் அது இல்லவே இல்லை.

வேனில் போகிற நாலு பேரைப் பொறுக்கும் தேர்வுக்கு நாலே நாள் இருந்தது.

புதன்கிழமை மாலை அவர் தன் சுடும் கோட்டை மனைவியின் வெட்டு மேஜையில் கொண்டுவந்து போட்டார். தடித்த துணிக் கோட்டு. தோள் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது.

"இந்தப் பஞ்ச எடுத்துடு. அக்குள்லயும் பிடிச்சுக் கொஞ்சம் உள்ள தள்ளு."

அவள் கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன், நல்லாத்தானே இருந்துச்சு இத்தன வருஷமா?"

"சொன்னதச் செய்யேன்."

"எவ்வளவு உள்ள தள்ளணும்?"

"எவ்வளவு முடியுமோ."

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். முப்பது வருஷமாகப் பிறர் உடம்புக்கும் துணிக்கும் நடுவில் நின்று பஞ்சாயத்து செய்பவள். துணியை விட்டுவிட்டு உடம்பை ஒடுக்கச் சொல்லி வருகிற ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

"கைய மடிச்சு நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்கன்னா."

நாடாவை அவர் முழங்கை மடிப்பில் வைத்து ஆள்காட்டி விரல் வரைக்கும் பிடித்தாள். "அந்தத் துப்பாக்கில விசையிலேர்ந்து தோள் கட்ட முடியுற வரைக்கும் எவ்வளவு?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. சட்டைப் பையிலிருந்து அவளே காகிதத்தை எடுத்து விரித்தாள். மில்லிமீட்டரை அங்குலமாக்க அவளுக்குப் பேப்பர் வேண்டியதில்லை.

"ஒண்ணே முக்கால் அங்குலம் நீளம்" என்றாள். "கால் அங்குலம்னா கோட்ட வெச்சு சமாளிக்கலாம். ஒண்ணே முக்காலுக்கு உங்க தோள் எலும்பத்தான் எடுக்கணும்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் நின்றது.

"நீளம் இல்ல. அதுதான் சரியான அளவு. உலகம் பூரா—"

"உலகம் பூரா போட்டுக்கட்டும். நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

அவர் கோட்டை இழுத்து மடிக்க ஆரம்பித்தார். அவள் சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். அவள் சிரிக்கவில்லை. ஆணியிலிருந்து அளவு நோட்டை எடுத்துப் பக்கங்களைத் தள்ளினாள்.

"பல் டாக்டரோட வெள்ளக் கோட்டு எல்லாத்துக்கும் நான்தான் கை மடிப்பப் பிரிச்சு நீட்டித் தர்றேன். ரெடிமேடு எதுவும் அவருக்கு எட்டாது. இதோ. உங்க கையவிட ரெண்டு அங்குலம் நீளம். அவரு துப்பாக்கி அவருக்குக் குட்டைன்னு போன தடவையே சொன்னாரு. கழுத்து வலியாம். உங்களுது அவருக்கு, அவருது உங்களுக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அந்த விறகையா?"

பலகைக்கு அப்பாலிருந்து மச்சினனின் குரல் கேட்டது. "மாமா, விறகு வேணாம்னா இங்க ரம்பம் இருக்கு. ஒண்ணே முக்கால் அங்குலம் வெட்ட ஒரு நிமிஷம்."

"உன் முக்காலிக்கே இன்னும் கால் சரியா வரல, நீ வாய மூடு மாப்ளே."

"ஆமா மாமா. முக்காலி ஆடுது. துப்பாக்கி ஆடல. பிடிக்கிற ஆளுதான் ஆடறாரு."

வெள்ளிக்கிழமை மனைவியே டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். "கடவாப் பல்லு வலிக்குதுன்னு சொல்லியிருக்கேன். வலிக்காட்டியும் வாயத் திறங்க" என்று அனுப்பினாள். போகும்போது "பல்லுக்குத்தான் போறேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கேட்பதற்கு யாரும் இல்லை.

டாக்டர் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, வாய்க்குள் பஞ்சை அடைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ரிஜெக்டின் வாழ்நாளில் எதிராளி முழு வாக்கியத்தையும் முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தது அன்றுதான்.

"உங்க வீட்ல சொன்னாங்க சார். நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். எப்படிக் கேக்கறது? கிளப்புல கேட்டா கொன்னுடுவாங்க. ரெண்டு வருஷமாக் கழுத்துல பட்ட போட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன். வாங்கும்போது ஒரு தடவ தோள்ல வெச்சுப் பாத்திருந்தா போதும். யாரு குடுத்தா? நீங்க சொன்னது சரிதான், எனக்கு அது விறகுதான். ஆனா உங்களுக்கு அப்படி இருக்காது. ஞாயித்துக்கெழம தேர்வுக்கு மாத்திக்குவோமா? வேன்ல நீங்களும் உள்ள, நானும் உள்ள. இன்னும் கொஞ்சம் அகலமாத் திறங்க."

ரிஜெக்ட் ஏதோ சொன்னார். பஞ்சுக்குள் அது 'ஆ' என்று மட்டும் வந்தது.

டாக்டர் அலமாரியைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்தார். "இங்க கிளப் விதி கெடையாது சார். எந்திரிச்சு வெச்சுப் பாருங்க."

நாற்காலியிலிருந்து இறங்கி, வாயில் பஞ்சோடு, கழுத்தில் ரப்பர் துண்டோடு, அதைத் தோளில் வைத்தார்.

கேஜின் போக வேண்டிய முனை துளைக்குள் போவதை ஆயிரக்கணக்கான தடவை உணர்ந்த கை அது. தள்ளவும் வேண்டாம், திருகவும் வேண்டாம்; எண்ணெயில் நழுவுகிற மாதிரித் தானாகப் போய் உட்காரும். அப்படித்தான் உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் படிந்தது. விரல் விசையில் கிடந்தது. எதிர்ச் சுவரில் பற்களின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் முன் பல்லின் நடுவில் முனை அசையாமல் நின்றது. மூச்சு விட்டுப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. வேனின் பின் வரிசை ஜன்னல் வழியே காற்று வந்து முகத்தில் பட்டது.

"எப்படி சார்?" என்றார் டாக்டர்.

ரிஜெக்ட் துப்பாக்கியை இறக்கினார். வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். இந்தச் சாமானைத்தான் ஆறு தடத்துக்கும் கேட்கிற மாதிரி விறகு என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இதைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஆறு தடத்துக்கும் முன்னால் நிற்க வேண்டும். ஒரு தடவை சிவப்பு பூசியதை அவர் துடைத்ததில்லை. பெயிண்டைத் துடைக்கும் துணி அந்த மேஜையிலேயே கிடையாது. வாய், இருபத்தாறு வருஷம் பழகிய வேலையைத் தானே செய்தது.

"விசை மணல் மாதிரி நெருடுது. மரமும் மட்டம். தேறாது டாக்டர்."

டாக்டர் துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கையுறையை மாட்டிக்கொண்டார்.

"சரி சார். பல்லு நெஜமாவே ஒண்ணு சொத்தையாத்தான் இருக்கு. படுங்க, எடுத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தாடை வீக்கத்தோடு போனார். மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடாது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார். நாலாவது தடத்தில் அவர், ஐந்தாவதில் டாக்டர். ஒருவர் ஆமை, ஒருவர் கொக்கு. பக்கத்தில் பக்கத்தில் நின்று, தனக்குப் பொருந்தாததைக் கட்டிக்கொண்டு, பொருந்துவதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, நாற்பது நாற்பது குண்டு சுட்டார்கள். இருபதாவது குண்டுக்கு மேல் முன்பாரம் ரிஜெக்டின் இடது கையைக் கீழே இழுத்தது. முப்பதாவதுக்கு மேல் அட்டையில் வட்டத்துக்கு வெளியேகூட ஒன்று போனது.

செயலாளர் அட்டைகளைப் பார்த்து வாசித்தார். டாக்டர் முந்நூற்று ஐம்பத்தாறு. ரிஜெக்ட் முந்நூற்று நாற்பத்தாறு. நாலாவது இடம் முந்நூற்று அறுபத்தொன்று. கீழே கிடங்கில் கணக்கு எழுதுகிற பெண்மணி. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சொந்தத் துப்பாக்கி இல்லை. ஆறாவது தடத்து ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துச் சுட்டிருந்தார்.

"உங்களோடது சார்" என்றார் அந்தப் பெண்மணி, ரிஜெக்டிடம் வந்து, உண்மையான சந்தோஷத்தோடு. "கழுத மாதிரி உதைக்குது. ஆனா எடுத்து வெச்ச உடனே தோள்ல வந்து உக்காந்துக்குது. எல்லாத் துப்பாக்கியும் இப்படித்தான் இருக்குமா சார்?"

அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவரவர் துப்பாக்கியைத் துடைப்பதில் மும்முரமானார்கள்.

"ஸ்பிரிங் தளந்துபோச்சு. ரொம்ப நாளைக்கு வராது" என்றார் ரிஜெக்ட்.

வேன் அடுத்த சனிக்கிழமை போனது. பின் வரிசை ஜன்னலில் கணக்கு எழுதுகிற பெண்மணி. அவர் அதைப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கி, ஒரு லாரி உதிரிபாகத்துக்கு முழுக்கச் சிவப்பு பூசினார். அதில் பாதி நல்ல சரக்கு என்று மேலாளர் திங்கட்கிழமை வந்து சொல்லும் வரைக்கும் அவருக்கே தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை, துப்பாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் மனைவியின் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. உள்ளே ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான்; போட்டிருந்த பேண்ட்டின் கால் தரையில் ஒரு முழம் புரண்டது. அவன் பின்னால் போய் நின்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பையைப் பார்த்தாள். "வரிசப்படிதான்" என்றாள்.

மண்டியிட்டு இளைஞனின் பேண்ட்டில் சாக்கட்டியால் கோடு போட்டாள். "வெட்டிட்டா ஒட்ட முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க" என்றாள். எல்லாரிடமும் சொல்வதுதான். அவன் தலையாட்டினான். அவள் அளவு நோட்டில் எழுதிக்கொண்டு, "அடுத்து" என்றாள்.

அவர் துப்பாக்கியை வெட்டு மேஜையில், கத்தரிக்கோலுக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் வைத்தார். அவள் நாடாவை வைத்து, வால்நட் மரத்தின் நெருப்பு ரேகைக்குக் குறுக்கே, ஒன்றே முக்கால் அங்குலத்தில் வெள்ளைக் கோடு இழுத்தாள்.

"இத வெட்டிட்டா இனி எவனும் வாங்க மாட்டான்" என்றார்.

"தெரியும்."

"கம்பெனிக் கேரண்டியும் போயிடும்."

"கைய மடிங்க. இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

கையை மடித்து நின்றார். பலகைச் சுவருக்கு அப்பால் மச்சினன் ரம்பத்தின் பல்லுக்கு அரம் போடுகிற சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒவ்வொரு பல்லாக. நாடா அவர் விரல்நுனிக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர, வாசலில் அந்த இளைஞன் புரளுகிற பேண்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். ரிஜெக்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு லேசாகக் குவிந்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம், கையை மடித்தபடியே. "போட்டுப் பாக்காமலே வாங்கியிருக்கான்."